என்பிஏ கூடைப்பந்தில் வேகமாக ஓடி ஆடும் அணி பிளேஆஃபில் (லீக் ஆட்டங்களுக்குப் பின் வரும் நாக்அவுட் சுற்றுகளில்) எடுபடாது என்கிறார்களே, அப்படியென்றால் 2007இல் வாரியர்ஸ் அணி டல்லாஸ் அணியை எப்படி வென்றது?

ஈசூன் கோப்பிக்கடையில் நாங்கள் இன்றும் வாதாடுகிற கேள்வி இது. அந்த வருடம் டல்லாஸுக்கு 67 வெற்றிகள், வாரியர்ஸுக்கு 42. முதல் சுற்றில் வாரியர்ஸ் 4-2 என்று வென்றது. ஏழு ஆட்ட முதல் சுற்றில் எட்டாம் இட அணி முதலிட அணியை ஜெயித்தது அதுவே முதல்முறை.

வெறும் ஓட்டம் மட்டும் காரணமில்லை. வாரியர்ஸ் பயிற்சியாளர் டான் நெல்சன் முன்பு டல்லாஸில் இருந்தவர். டல்லாஸின் நட்சத்திரம் நொவிட்ஸ்கியின் ஆட்டம் அவருக்கு அத்துப்படி. அதனால் நொவிட்ஸ்கியைவிடக் குள்ளமான வாரியர்ஸ் வீரர் ஸ்டீபன் ஜாக்சன் அவரை ஒட்டி நின்றார். பந்து தரையைத் தொட்டாலே பறிக்க இன்னொரு கை வந்துவிடும். ஆறாவது ஆட்டத்தில் நொவிட்ஸ்கி 13 முறை எறிந்தும் 2தான் விழுந்தது.

என் கணிப்பில் பெரிய தவறு டல்லாஸுடையது. முதல் ஆட்டத்திலேயே கூடையடியில் நிற்கும் உயரமான சென்டரை உட்காரவைத்து, எதிரணியைப் போல உயரம் குறைந்த அணியை இறக்கினார்கள். நம் புளோக் கீழே இருக்கிற கோர்ட்டில் பாருங்கள்: உயரமான அண்ணன் கூடையடியை விட்டு மூன்று புள்ளிக் கோட்டுக்கு ஓடி வந்தால், பின்னால் வாசல் திறந்துகிடக்கும்.

சரி, அப்புறம் என்ன ஆனது? அடுத்த சுற்றில் யூட்டா அணி பந்தைக் கூடையடிக்குள் கொடுத்து நிதானமாக ஆடி, 4-1 என்று வாரியர்ஸை அனுப்பிவைத்தது.