இனிக்கும் கிழங்கும் கறுக்கும் சிப்ஸும்

கேள்வி: ஹட்டனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். கூல் ரூமில் இருந்த உருளைக்கிழங்கென்று சொல்லி, தரகர் ஒருவர் சில மூடைகளை விலை குறைத்துத் தந்தார். பார்வைக்கு நல்ல கிழங்குதான். ஆனால் சிப்ஸ் பொரித்தால் கறுக்கிறது, கறி வைத்தால் இனிக்கிறது. “நுவரெலியாக் கிழங்கு இப்படித்தான் இனிக்கும்” என்கிறார் அவர். ஏதும் மருந்து அடித்திருப்பார்களோ? வீசிவிடவா?

பதில்: அவசரப்பட்டு வீசாதீர்கள். நீங்கள் சொல்வது குளிர் செய்த வேலை. தோண்டி எடுத்த பிறகும் கிழங்குக்கு உயிர் உண்டு. 6, 7 பாகை செல்சியஸுக்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தால் தன்னிடமுள்ள மாப்பொருளைச் சீனியாக உடைத்துக்கொள்ளும். கறியில் இனிப்பது அந்தச் சீனி. கொதிக்கும் எண்ணெயில் கறுத்துக் கசப்பதும் அதுவேதான். நுவரெலியாவுக்கும் இனிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மூடைகளை அவிழ்த்து, வெளிச்சம் படாத, காற்றோட்டமான அறையில் பரப்பி வையுங்கள். 15 முதல் 20 பாகை வேண்டும். ஹட்டனில் வீட்டு அறையே போதும். இரண்டு மூன்று வாரத்தில் சீனி பெருமளவு குறையும். இடையிடையே இரண்டு துண்டு பொரித்துப் பாருங்கள். அதுவரை அவித்து கட்லட், ரோல்ஸ் போடலாம். கறுத்த சிப்ஸை மட்டும் விற்காதீர்கள். அதில் அக்ரிலமைட் என்ற வேண்டாத பொருள் கூடுதலாக இருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். குளிரால் இனித்த கிழங்குதான் இப்படித் திரும்பும், கிழடு தட்டி இனித்தது திரும்பாது. தோல் சுருங்கி, விரலால் அழுத்தினால் அமுங்கி, நீளமாக முளை விட்டிருந்தால் அது வயதின் இனிப்பு. அதை இளஞ்சூட்டில் வைத்தால் இன்னும் மோசமாகும். இரண்டையும் ஒரே மூடையில் கலந்து கட்டுவது பழைய தந்திரம் என்பதால், பரப்பும்போதே பொறுக்கி ஒதுக்குங்கள்.

அப்புறம் இந்தத் தரகர்கள். இறக்குமதிக் கிழங்கில் செம்மண்ணைப் பூசி மலைநாட்டுக் கிழங்கென்று விற்பது ஊரறிந்த கதை. மண்ணைப் பார்த்து ஊரை முடிவு செய்யாதீர்கள். அதைவிடப் பயப்பட வேண்டியது மிச்சப்பட்ட விதைக் கிழங்கு. அதை 2 முதல் 4 பாகையில் வைப்பார்கள், பூஞ்சை மருந்தும் போட்டிருக்கலாம். மருந்து வாடையோ நிறத் தூளோ தெரிந்தால் சமைக்கவே கூடாது, திருப்பிக் கொடுங்கள்.

கரட்டையும் லீக்ஸையும் சுழியத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம், பொரிக்கிற கிழங்குக்கு 8 முதல் 10 பாகை வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அறையில் அடுக்கினால் வேறென்ன நடக்கும்? சிகரட் பெட்டியில் படம் போட்டு எச்சரிக்கிற நாட்டில், கிழங்கு மூடையில் எத்தனை மாதம், எத்தனை பாகை என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்ட ஆளில்லை.

அடுத்த முறை காசு கொடுக்கும் முன் மூடைக்கொரு கிழங்கை எடுத்து அங்கேயே வெட்டிப் பொரித்துப் பாருங்கள். அதற்கு முகம் சுளிக்கிறவரிடம் மூடையை இறக்கவே விடாதீர்கள்.