கதவைச் சாத்துங்கள் – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். மண்டேலாவும் அவர் மனைவி வின்னியும் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றி ஜானி ஸ்டைன்பெர்க் 2023-இல் எழுதிய புத்தகத்தை எங்கள் ஏரியா லைப்ரரியில் எடுத்து வந்தேன். இரண்டே ராத்திரியில் முடித்துவிட்டேன். அதிலிருந்து மனசு ஒரு மாதிரி இருக்கிறது. பக்கத்து வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு வந்த மாதிரி. மாமியாரிடம் சொன்னால், "புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். அத எழுதி விக்கிறவனும் பாவி, வாங்கிப் படிக்கிறவளும் பாவி" என்கிறார். (வாங்கவில்லை, இரவல்தான் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.)

2017-இல் மண்டேலாவின் டாக்டர் எழுதிய புத்தகம் கடைக்கு வந்த வேகத்தில் திரும்பிப் போனதும் ஞாபகம் இருக்கிறது. அனுமதி வாங்காமல் எழுதுவதெல்லாம் தப்பா? வாங்கி எழுதினால் சரியாகிவிடுமா? நீங்களும் இங்கே ஒரு பாட்டுக்காரத் தம்பதியைப் பற்றி எழுதப்போவதாகச் சொல்லி வருஷங்கள் ஓடிவிட்டன. அது என்ன ஆயிற்று?

பெயர் போட வேண்டாம், ப்ளீஸ்.

ஒரு வாசகி, பீனிக்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா

*

அன்புள்ள சகோதரிக்கு,

பெயர் போடவில்லை. மாமியார் இதைப் படிக்க மாட்டார் என்று நம்புவோம். நானும் அந்தப் புத்தகத்தை இரண்டு ராத்திரியில்தான் முடித்தேன். ஆக அவர் கணக்கில் இப்போதைக்குப் பாவிகள் மூன்று பேர்.

அனுமதி என்கிற பேச்சு வந்தாலே எனக்கு நம் டர்பனில் நடந்த ஒரு சண்டைதான் ஞாபகம் வரும். 1898. பீச் குரோவில் காந்தி குடியிருந்த வீடு. அந்தக் கால வீடு, அறைக்கு அறை சிறுநீர்ச் சட்டி. அவருடைய குமாஸ்தாக்களும் கூடவே தங்கியிருந்தார்கள். அதில் ஒருவர் புதிதாக வந்தவர், பஞ்சமர் குடும்பத்தில் பிறந்த கிறிஸ்தவர். புதியவர் என்பதால் அவருடைய சட்டியை வீட்டுக்காரர்கள்தான் எடுத்துக் கொட்ட வேண்டும். கஸ்தூர்பாவுக்கு அதைத் தொடவும் மனசில்லை, கணவர் தொடுவதைப் பார்க்கவும் மனசில்லை. கண்ணெல்லாம் சிவந்து, அழுதுகொண்டே சட்டியோடு ஏணியில் இறங்குகிறார். காந்திக்கு அது போதவில்லை. சந்தோஷமாக எடுக்க வேண்டுமாம். பேச்சு வளர்ந்து, மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசல் கதவைத் திறக்கிறார், வெளியே தள்ளிவிட. இந்த ஊரில் எனக்குத் தாயா தகப்பனா, யாரிடம் போவேன், முதலில் கதவைச் சாத்துங்கள், யாராவது பார்க்கப்போகிறார்கள் என்கிறார் அந்த அம்மா.

இது நமக்கு எப்படித் தெரியும்? காந்தியே எழுதினார். 1925 முதல் 1929 வரை தன் நவஜீவன் பத்திரிகையில் தொடராக வந்த தன்வரலாற்றில். தன்னைக் குற்றவாளியாக நிறுத்தித்தான் எழுதினார். முதல் தடவை படித்தபோது அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. அப்புறம் ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது சட்டென்று உறைத்தது: அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்று, கதவைச் சாத்தச் சொன்னார். இவர் முப்பது வருஷம் பொறுத்து உலகத்துக்கே திறந்து வைத்துவிட்டார். நாயகன் அனுமதி கொடுத்தது மட்டுமில்லை, எழுதியதும் அவரேதான். ஆனாலும் அந்தக் காட்சியை நாம் கணவரின் எழுத்தில் மட்டும்தான் பார்க்கிறோம்.

தம்பதி என்றால் இரண்டு பேர். அனுமதி வாங்கினேன் என்று ஒருவர் சொன்னால், யாரிடம் என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு.

டயானா கதையைப் பாருங்கள். 1992-இல் ஆண்ட்ரூ மார்ட்டன் எழுதிய புத்தகத்தை அரண்மனை வம்பு என்று பலரும் திட்டினார்கள். தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார் டயானா. 1997-இல் அவர் இறந்த பிறகு பார்த்தால், நண்பரான ஒரு டாக்டர் மூலம் கேள்விகளை வாங்கி, பதிலை டேப்பில் பேசி அனுப்பியதே அவர்தான். இடையில் 1994-இல் ஜோனதன் டிம்பிள்பி எழுதிய புத்தகம் வந்தது, அது சார்லஸின் ஒத்துழைப்போடு. ஒரு கல்யாணம், மாப்பிள்ளை வீட்டு ஆல்பம் ஒன்று, பெண் வீட்டு ஆல்பம் ஒன்று.

டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன். மண்டேலாவின் மருத்துவக் குழுவுக்குத் தலைவராக இருந்த விஜய் ராம்லக்கன், குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால்தான் எழுதினேன் என்றார். வழக்குப் போடுவது பற்றி மண்டேலாவின் கடைசி மனைவி கிராசா மாஷெல் பேச ஆரம்பித்ததும் பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றது. குடும்பம் என்றால் யார், கடைசி மனைவியா, பிள்ளைகளா, முன்னாள் மனைவியா? அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. குடும்பமே வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டிருந்தாலும் டாக்டர் அதை எழுதியிருக்கக் கூடாது என்பது என் கட்சி. கட்டில் பக்கத்தில் அவரை நிற்க விட்டது வைத்தியம் பார்க்க.

அனுமதியோடு எழுதினாலும் அடி யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது. பட்ரீஷியா டி லில் என்ற நம் நாட்டு அரசியல்வாதியின் வாழ்க்கை வரலாறு 2002-இல் வந்தது. அவருடைய அனுமதியில் ஒரு வம்பும் இல்லை. ஆனால் போகிற போக்கில் மூன்று பெண்களின் பெயரைப் போட்டு, அவர்களுக்கு எச்.ஐ.வி. இருப்பதையும் அச்சிட்டுவிட்டார்கள். அந்தப் பெண்களை யாரும் கேட்கவில்லை. வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய், 2007-இல் ஆளுக்கு 35,000 ராண்ட் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பானது. விற்காத பிரதிகளில் பெயரை எடுக்கவும் சொன்னார்கள். விற்றுப்போன பிரதிகளை என்ன செய்வது?

சரி, உங்கள் மனசு ஏன் ஒரு மாதிரி ஆயிற்று? மண்டேலா தம்பதியின் பிரிவு ரகசியம் கிடையாது. 1996-இல் விவாகரத்து வழக்கில் அவரே நீதிமன்றத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார், சிறையிலிருந்து வந்த பிறகு தான் விழித்திருக்கும்போது மனைவி ஒரு நாளும் படுக்கையறைக்குள் வந்ததில்லை என்று. நீதிமன்றத்தில் பதிவானதை யாரும் எடுத்து எழுதலாம். இந்தியாவில் கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் தன்வரலாறு பற்றிய நக்கீரன் பத்திரிகை வழக்கிலும் 1994-இல் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. பொது ஆவணத்தில் இருப்பதற்கு அனுமதி வேண்டாம், அதைத் தாண்டி வீட்டுக்குள் நுழைந்தால் பதில் சொல்ல வேண்டும்.

ஸ்டைன்பெர்க் புத்தகத்தில் உறுத்துவது வேறு. வின்னி சிறைக்குப் பார்க்க வந்தபோது இருவரும் பேசியதை அதிகாரிகள் ஒட்டுக்கேட்டு எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் குறிப்புகளிலிருந்தும் அவர் எடுத்திருக்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணவர், இந்தப் பக்கம் மனைவி. 1984-இல்தான் போல்ஸ்மூர் சிறையில் மனைவியை முதல் முறையாகத் தொட விட்டார்கள், 21 வருஷம் கழித்து. அந்தப் பேச்சைப் படிக்கும்போது நாம் நிற்கிற இடம் வார்டர் நின்ற இடம். உங்களுக்குக் கூசியது அதனால்தான் என்று நினைக்கிறேன். எனக்கும் கூசியது. ஆனாலும் அதை எழுதாமல் விட்டிருக்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு அரசாங்கம் ஒரு கல்யாணத்துக்குள் எவ்வளவு தூரம் காதை நீட்டியது என்பதற்கு அந்தத் தாள்களே சாட்சி. இருவரும் போய்விட்டார்கள், 2013-இல் அவர், 2018-இல் இவர். கேட்டு எழுத இனி ஆள் இல்லை.

என் புத்தகத்தைக் கேட்டிருக்கிறீர்கள். டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் அந்தப் பாட்டுக்காரப் பெரியவர் வீட்டுக்கு மூன்று சனிக்கிழமை போனேன். கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று இருவரும் நாற்பது வருஷம் சேர்ந்து பாடியவர்கள். தாத்தா ஹார்மோனியத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசினார். எந்த வருஷம், எந்த ஹால், யார் வந்திருந்தார்கள், இருவரும் எப்படி ஒருவரை ஒருவர் பிரியாமல் இருந்தார்கள், எல்லாம். ஆன்ட்டி சமையலறையில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். எண்ணெய்ச் சத்தம் என் ரெக்கார்டிங் முழுக்க இருக்கிறது. உள்ளே போய் இரண்டு தடவை கூப்பிட்டேன். "அவரே சொல்லுவாரு" என்றார்.

மூன்றாவது சனிக்கிழமை கிளம்பும்போது இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா நிறைய முறுக்கு போட்டுக் கொண்டுவந்து கேட் அருகே கொடுத்தார். மூடியை அழுத்தி மூடிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "டேட்டெல்லாம் கரெக்டா சொன்னாரு தம்பி."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

தாத்தாவின் அனுமதி என் போனில் அவர் குரலிலேயே இருக்கிறது. அவரும் இப்போது இல்லை. ஆன்ட்டி இருக்கிறார். அந்த டப்பாவும் என் சமையலறையில்தான் இருக்கிறது. காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பார்கள். அடுத்த வாரம் ஏதாவது செய்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். ரெக்கார்டரை வீட்டிலேயே வைத்துவிட்டு.