பினோ நுவார் வாங்கியவர்களும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும்

அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒயின் கேள்விகள், அதிலும் பினோ நுவார் (அந்தப் பெயருள்ள கறுப்புத் திராட்சையில் செய்கிற சிவப்பு ஒயின்). கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பதில்களைச் சுருக்க முடியவில்லை, மன்னிக்கவும்.

கேள்வி: 20 டாலர் சுமாருக்கு ஒரு நல்ல அமெரிக்க பினோ நுவார் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம், பெயர் போதும். (டாலஸ்)

பதில்: ஓரிகனின் 'ஏ டு இசட்'.

கேள்வி: நண்பர் வீட்டில் குடித்த பினோ, கோப்பைக்குப் பின்னால் விரல் தெரிகிற அளவுக்கு இளஞ்சிவப்பு. ஆசைப்பட்டு 8 டாலருக்கு ஒன்று வாங்கினேன். முன்பக்கம் 'பினோ நுவார், கலிபோர்னியா' என்றுதான் இருக்கிறது. உள்ளே நாவல்பழச் சாறு மாதிரி கறுப்பு, ஜாம் மாதிரி இனிப்பு. என்னை ஏமாற்றிவிட்டார்களா? (பீனிக்ஸ்)

பதில்: சட்டப்படி இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

பினோவின் தோல் மெல்லியது, சாயம் குறைவு. மழைக்கும் சுணங்கும், வெயிலுக்கும் சுணங்கும். விளைச்சலைக் கட்டுப்படுத்தினால்தான் ருசி. அதனால் விலை ஏறத்தான் செய்யும். நன்றாகப் பழுத்த பழத்தில் செய்தால் நிறம் கூடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 8 டாலரில் கறுப்பாக வந்தால் எனக்குச் சந்தேகம் வரும். அமெரிக்க மத்திய அரசின் விதிப்படி 75 சதவீதம் பினோ இருந்தாலே முன்பக்கத்தில் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். மீதிக் கால் பங்கில் சிரா என்ற வேறு திராட்சை ஒயினை ஊற்றினாலும் சொல்ல வேண்டியதில்லை. ஓரிகன் மாநிலம் மட்டும் பிடிவாதமாக 90 சதவீதம் கேட்கிறது. நிறம் ஏற்றுவதற்கென்றே 'மெகா பர்ப்பிள்' என்று கெட்டியான திராட்சைச் சாறு ஒன்று விற்கிறது. அதுவும் லேபிளில் வராது.

அடுத்தது 'ரிசர்வ்'. இந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சில வருடங்களுக்கு முன் கறுப்பு லேபிள், பொன்னெழுத்து, 'கிராண்ட் ரிசர்வ்' என்று பார்த்து மயங்கி ஆறு பாட்டில் வாங்கினேன். முதல் பாட்டிலை விருந்துக்குத் திறந்தால் இருமல் மருந்து. மிச்சம் ஐந்தும் ஆட்டுக்கறியோடு குக்கரில் போயின. அப்புறம்தான் விசாரித்தேன்: அந்தச் சொல்லுக்கு மத்திய விதிகளில் எந்த அர்த்தமும் கிடையாது. யாரும் எதன்மேலும் ஒட்டலாம்.

அர்த்தமுள்ள சொற்கள் பொடி எழுத்தில் இருக்கும். 'எஸ்டேட் பாட்டில்ட்' என்றால் பழம் முழுவதும் லேபிளில் பெயருள்ள ஒயினரியின் பொறுப்பில் விளைந்தது, அங்கேயே செய்து அடைத்தது. 'ப்ரொட்யூஸ்ட் அண்ட் பாட்டில்ட்' என்றால் முக்கால் பங்காவது அவர்களே புளிக்க வைத்தது. 'செல்லர்ட்', 'வின்டட்' என்று இருந்தால் யாரோ செய்ததை டேங்கரில் வாங்கி அடைத்ததாகவும் இருக்கலாம். ஊர்ப் பெயரும் அப்படித்தான். கலிபோர்னியாவின் 'ரஷ்யன் ரிவர் வேலி' என்று போட்டால் 85 சதவீதமாவது அங்கே விளைந்திருக்க வேண்டும். வெறும் 'கலிபோர்னியா' என்றால் அத்தனை பெரிய மாநிலத்தில் எங்கிருந்தும் வரலாம்.

நாக்கை நம்பலாம் என்கிறவர்களுக்கு: மலிவான மெர்லோ, சிரா ஒயின்களை பினோ என்று சொல்லி ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்துக்கே விற்ற 12 பேருக்கு, பிரான்சின் கார்கஸோன் நீதிமன்றம் 2010-ல் தண்டனை கொடுத்தது. ஏறக்குறைய 1.8 கோடி பாட்டில். அந்த வட்டாரத்தில் விளைவதைவிட விற்றது அதிகம் என்று கணக்குப் பார்த்தவர்களிடம்தான் மாட்டினார்கள்.

கேள்வி: காரின் டிக்கியில் இரண்டு பாட்டிலை மூன்று வாரம் மறந்துவிட்டேன், ஆகஸ்ட் மாதம். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா? (லாஸ் வேகாஸ்)

பதில்: மாட்டார். நான் கடை வைத்திருந்தாலும் மாட்டேன்.

கேள்வி: ஒரு ஒயினரியிலிருந்து தபாலில் வரவழைத்தேன். ஜூலையில் வந்த ஆறில் இரண்டில் தக்கை மேலே தள்ளி நிற்கிறது, கழுத்தெல்லாம் பிசுபிசுப்பு. கேட்டால் டெலிவரி கம்பெனியைக் கேள் என்கிறார்கள். (ஆஸ்டின்)

பதில்: நியாயமே இல்லை. நீங்கள் பணம் கொடுத்தது விற்றவரிடம்; லாரிக்காரர் அவர் அமர்த்திய ஆள். உள்ளே ஒயின் சூடாகி விரிந்து தக்கையைத் தள்ளியிருக்கிறது. பினோ மாதிரி மென்மையான ஒயினில் அது வெந்த பழ வாசனையாகத் தெரியும். ஆறையும் திறக்காதீர்கள். தக்கை, கழுத்து, பெட்டிமேல் ஒட்டிய தேதி மூன்றையும் படம் எடுத்து எழுத்தில் புகார் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் கிரெடிட் கார்டு கம்பெனிக்கு எழுதுங்கள். அந்தத் தொகை வந்த ஸ்டேட்மென்ட் தேதியிலிருந்து 60 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். இனிமேல் அக்டோபருக்கு முன் டெக்சஸுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். கேட்டால் கோடை முடியும்வரை வைத்திருந்து அனுப்புகிற ஒயினரிகள் உண்டு.

கேள்வி: நான் வாங்கிய பாட்டிலில் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. பினோவுக்கு மண்வாசனை உண்டு என்பார்களே, அது இதுதானா? (ராலே)

பதில்: இல்லை. தக்கையிலிருந்து வரும் டிசிஏ என்ற ரசாயனம். உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ஒயினைத்தான் கொன்றுவிடும். தக்கையைத் திருப்பி மூடி, ரசீதோடு கடைக்குக் கொண்டுபோங்கள்; நல்ல கடைகள் மாற்றித் தரும். இது தெரியாமல் இரண்டு பாட்டிலை சிங்க்கில் ஊற்றியவன் எழுதுகிறேன்.

கேள்வி: மேலதிகாரியோடு சாப்பிடப் போனோம். பட்டியலில் 60 டாலர் பினோவைக் காட்டினேன். 'அது தீர்ந்துவிட்டது, இதே மாதிரி இன்னொன்று இருக்கிறது' என்று சர்வர் கொண்டுவந்து திறந்தார். பில்லில் 145. எல்லோர் முன்னாலும் வாய் திறக்க முடியவில்லை. (சிகாகோ)

பதில்: உங்கள்மேல் தப்பில்லை. அந்தக் கூச்சத்தைக் கணக்குப் போட்டுத்தான் அப்படிச் செய்கிறார்கள். மதிய நேரத்தில் போன் செய்து மேனேஜரைக் கேளுங்கள்: விலை சொல்லாமல் இரண்டு மடங்குக்கு மேல் விலையுள்ள பாட்டிலைத் திறந்தீர்கள், வித்தியாசத்தைத் திருப்பித் தாருங்கள். குரலை உயர்த்த வேண்டாம். அடுத்த முறை பட்டியலில் விலைமேல் விரலை வைத்து, 'இந்த அளவில் வேறு என்ன இருக்கிறது?' என்று கேளுங்கள். திறப்பதற்கு முன் பாட்டிலை உங்களிடம் காட்டுவது மரியாதைக்கு மட்டும் இல்லை. பெயரையும் வருடத்தையும் சரிபார்க்கத்தான்.

கேள்வி: சோனோமாவில் நான்கு இடம் ருசித்தேன். எந்த ஒயினரியின் கிளப்பில் (மாதக்கணக்கில் பணம் எடுத்துக்கொண்டு பாட்டில் அனுப்புவது) சேர்ந்தேன் என்றே நினைவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை 200 டாலர் போகிறது. (ஃப்ரீமான்ட்)

பதில்: ஸ்டேட்மென்ட்டில் பெயர் இருக்குமே, அய்யா! ருசிக்கும் இடத்தில் துப்புவதற்கு ஒரு வாளி வைத்திருப்பார்கள். (நான் சேர்ந்தது மூன்றாவது இடத்தில். விலக எனக்கு ஒரு வருடம் ஆனது.)

கேள்வி: ஓரிகனா, கலிபோர்னியாவா? (சியாட்டில்)

பதில்: மெலிந்து, புளிப்பும் மண்ணுமாக வேண்டுமென்றால் ஓரிகன். 1965-ல் டேவிட் லெட் அங்கே பினோ நட்டபோது, அந்தக் குளிரில் பழுக்காது என்றுதான் பேச்சு. 1979-ல் பாரிஸில் நடந்த போட்டியில் அவருடைய 'ஐரி' ஒயினரியின் 1975 வருடத்து பினோ முதல் பத்துக்குள் வந்தது. 1987-ல் பினோவின் தாய்வீடான பிரான்சின் பர்கண்டியிலிருந்து துருவேன் என்ற ஒயின் குடும்பமே வந்து ஓரிகனின் டண்டீ குன்றுகளில் நிலம் வாங்கியது. ஐரி, கிறிஸ்டம், பெத்தெல் ஹைட்ஸ் மூன்றும் நான் காசு கொடுத்து வாங்கி வருத்தப்படாதவை.

கலிபோர்னியாவில் கடல்மூட்டம் வருகிற இடமாகப் பாருங்கள்: ஆண்டர்சன் வேலி, சோனோமா கோஸ்ட், ஸ்டா. ரீட்டா ஹில்ஸ். கடைசியில் சொன்னதில் மலைகள் கிழக்கு மேற்காகக் கிடப்பதால் பசிபிக் காற்று தடையில்லாமல் உள்ளே வரும். சுண்ணாம்புப் பாறையைத் தேடிப் போய் ஜாஷ் ஜென்சன் மவுண்ட் ஹார்லனில் 1975-ல் தொடங்கிய 'கலேரா'வையும் ஒரு தடவை குடித்துப் பாருங்கள். 2020 வருடத்து பாட்டில் தள்ளுபடியில் கிடந்தால் மட்டும் முதலில் ஒன்றே ஒன்று வாங்குங்கள். அந்த வருடம் இரண்டு மாநிலத்திலும் காட்டுத்தீ. சிலவற்றில் சாம்பல் ருசி வரும்.

கேள்வி: மதுரையில் அப்பாவுக்கு எத்தனை பாட்டில் கொண்டுபோகலாம்? (அட்லாண்டா)

பதில்: ஆளுக்கு 2 லிட்டர் வரை சுங்கவரி இல்லை. வழக்கமான பாட்டில் 750 மில்லி, ஆக இரண்டு. செக்-இன் பெட்டியில் வேட்டிக்குள் சுருட்டி வையுங்கள். ஆனால் அப்பா குடிப்பாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கொண்டுபோன ஐரி ஐந்து வருடமாக எங்கள் வீட்டு ஷோகேஸில் தலையாட்டிப் பொம்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது. வாரம் ஒரு முறை அம்மா தூசி தட்டுகிறாள்.