பெயர் மறந்துபோன மனிதர் எதிரே வந்து நின்றால்

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஒரு விழாவில் ஒருவர் ஓடி வந்து என் கையைப் பற்றிக்கொண்டு நலம் விசாரித்தார். என் மகள் என்ன படிக்கிறாள் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கோ அவர் பெயர் நினைவுக்கு வரவேயில்லை. பூசி மெழுகிக்கொண்டிருந்தபோது என் மனைவி வந்து, 'இவர் யார், எனக்கு அறிமுகப்படுத்தவில்லையே?' என்றாள். அதே விழாவில் இன்னொருவர் சொன்னது இரைச்சலில் காதில் விழாததால் சிரித்து வைத்தேன். அவர் சொன்னது தன் பெரியப்பாவின் மரணச் செய்தி. அப்புறம் யாருக்கோ கையசைத்தவருக்கு நான் பதிலுக்குக் கையசைத்தேன். கடைசியாக, விடைபெற்றுக்கொண்ட ஒருவரும் நானும் ஒரே திசையில் நடக்க நேர்ந்து, பேச ஒன்றுமில்லாமல் தெருமுனை வரை போனோம். இனி விழாக்களுக்கே போகக்கூடாது என்று தோன்றுகிறது. இதற்கெல்லாம் வழி உண்டா?"

உண்டு, விழாவுக்கும் போகலாம். நடந்தவற்றை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். தவறு நேர்ந்தது ஒரு கணம்தான். அதை மறைக்க நீங்கள் பட்ட பாடு பல நிமிடம் நீண்டது. எதிரே இருப்பவரின் மனதில் நிற்பதும் அந்தப் பாடுதான். ஆகவே, சங்கடத்தை முளையிலேயே வாய்விட்டுச் சொல்லித் தீர்த்துக்கொள்வது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் பெயர். பலரையும் வாட்டுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒருவருடைய குடும்பம், வேலை, முதுகுவலி எல்லாம் நினைவிருந்து பெயர் மட்டும் மறந்துபோனால் அவரை மதிக்கவில்லை என்று பொருளாகாது. 1987இல் வெளிவந்த ஓர் ஆய்வில் முகங்களைக் காட்டி, அந்தந்த மனிதரின் பெயரையும் தொழிலையும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரே சொல் ஒருவருக்குப் பெயராகவும் இன்னொருவருக்குத் தொழிலாகவும் தரப்பட்டது. தொழிலாகக் கேட்டபோது நினைவில் நின்ற சொல், பெயராகக் கேட்டபோது நழுவியது. தொழில் என்றதும் இடம், உடை, கருவி என்று ஏதேதோ மனதில் எழுகின்றன. பெயரோ ஆணியில்லாத சுவரில் மாட்டிய சட்டை, நிற்பதற்குப் பிடிமானம் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பல நேரம் நாம் பெயரை மறப்பதே இல்லை. முதலில் அதைக் கேட்டிருந்தால்தானே மறப்பதற்கு? 1973இல் மால்கம் ப்ரென்னர் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். வட்டமாக அமர்ந்தவர்கள் முறைவைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்கள். தங்கள் முறைக்குச் சற்று முன்னால் வாசிக்கப்பட்ட சொற்கள்தான் அவர்களுக்கு மிகக் குறைவாக நினைவில் நின்றன. அறிமுகத்தின்போதும் இதே கதைதான். அவர் தன் பெயரைச் சொல்லும் அந்தக் கணத்தில் நாம் நம் பெயரைச் சொல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கிறோம். எனவே புதிதாக ஒருவரைச் சந்தித்தால் அவர் பெயரை உடனே ஒருமுறை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லுங்கள். சரியாகக் கேட்கவில்லை என்றால் அங்கேயே, அந்த நிமிடமே மறுபடி கேளுங்கள். முதல் நிமிடத்தில் கேட்பது அக்கறையாகத் தெரியும், மூன்றாம் சந்திப்பில் கேட்டால்தான் வாய் குழறும்.

சரி, மறந்தே போயிற்று, மனிதரும் எதிரே நிற்கிறார். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "உங்கள் முகம் நன்றாக நினைவிருக்கிறது, போன முறை வீடு மாற்றுவது பற்றிப் பேசினோம். பெயர் மட்டும் வாய்க்கு வர மறுக்கிறது, மன்னியுங்கள்." நினைவிருப்பதை முதலில் சொல்லுங்கள், மறந்ததைப் பிறகு. கூடவே உங்கள் பெயரையும் சொல்லிவிடுங்கள். அவரும் உங்கள் பெயரை மறந்துவிட்டுத் தவித்துக்கொண்டிருக்கலாம். "நல்லவேளை, நீங்களே கேட்டீர்கள்" என்று எதிரே இருப்பவர் பெருமூச்சு விட்டதாக என்னிடம் வந்து சொன்னவர்கள் உண்டு.

தந்திரங்களை நம்பாதீர்கள். "உங்கள் பெயரை எப்படி எழுதுவீர்கள்?" என்று கேட்டால், அவர் பெயர் ரவியாக இருக்கும். இரண்டே எழுத்து, வேறு எப்படி எழுதுவது என்று அவர் உங்களைப் பார்ப்பார். அதைவிட ஆபத்தானது கைபேசித் தந்திரம். "உங்கள் எண்ணையும் பெயரையும் நீங்களே இதில் பதிந்துவிடுங்கள்" என்று கைபேசியை நீட்டுகிறீர்கள். அவர் ஒவ்வோர் இலக்கமாக அடிக்கிறார். கடைசி இலக்கத்தை அடித்ததும் திரையில் அவருடைய பெயரும், போன வருடம் நீங்களே சேர்த்துவைத்த அவருடைய புகைப்படமும் எழுந்து வருகின்றன. இருவருமாக அதைப் பார்க்கிறீர்கள். இந்த இடத்திலிருந்து உங்களை மீட்க என்னிடம் யோசனை எதுவும் இல்லை.

மனைவி அருகில் வந்து நின்ற சிக்கலுக்கு வீட்டிலேயே ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். நீங்கள் உடனே அறிமுகப்படுத்தவில்லை என்றால் பெயர் மறந்துவிட்டது என்று பொருள். அப்போது மனைவியே முன்வந்து தம் பெயரைச் சொல்லிக் கைகூப்பட்டும், பதிலுக்கு எதிராளியும் பெரும்பாலும் தன் பெயரைச் சொல்வார். இதைப் பல தம்பதியருக்குச் சொல்லியிருக்கிறேன், நன்றாகவே பலிக்கிறது. எதிராளி பெயர் சொல்லாமல் புன்னகையோடு நிறுத்திக்கொண்டால், ஒளிவுமறைவின்றிக் கேட்பதுதான் மிச்சம்.

பல ஆண்டுகளாகத் தினமும் வணக்கம் சொல்லும் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாமல் இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். "இத்தனை நாள் பழகியும் உங்கள் பெயரைக் கேட்காமல் இருந்துவிட்டேன்" என்று இன்று மாலையே சொல்லுங்கள். தள்ளிப்போட்டால் ஒவ்வொரு வணக்கமும் கடனை ஏற்றும். உங்கள் பெயரை யாராவது மாற்றிச் சொன்னாலும் முதல் தடவையே சிரித்த முகத்தோடு திருத்திவிடுங்கள். மூன்று முறை விட்டுவிட்டீர்களானால் அந்தப் பெயரையே அவர் மற்றவர்களுக்கும் சொல்லிப் பரப்பிவிடுவார். பிறகு திருத்தப் போனால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவருக்கு வருத்தம் வரும். அந்த வருத்தம் நியாயமானதும்கூட.

அடுத்து, காதில் விழாத பேச்சு. புரியவில்லை என்று கேட்பது அநாகரிகம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. உலகெங்கும் மக்கள் பேச்சு இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கிறது. மார்க் டிங்கமான்ஸ தலைமையிலான மொழியியலாளர்கள் 12 மொழிகளின் அன்றாட உரையாடல்களை ஆராய்ந்து 2015இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் "என்ன?", "யார்?", "எங்கே என்றீர்கள்?" என்று பேச்சை நிறுத்திக் கேட்டுச் சரிசெய்துகொள்கிறார் என்று அதில் கண்டார்கள். பத்து நிமிடப் பேச்சில் ஆறேழு முறை எல்லோரும் செய்வதைச் செய்ய நாம் ஏன் கூச வேண்டும்?

எப்படிக் கேட்பது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெறுமனே "என்ன?" என்றால் அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும், அதே வேகத்தில் சொன்னால் மறுபடியும் கேட்காது. காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லி, விட்டுப்போனதை மட்டும் கேளுங்கள்: "உங்கள் பெரியப்பா என்பதுவரை கேட்டது, அவருக்கு என்ன?" விட்ட இடத்தை மட்டும் அவர் நிரப்பினால் போதும். இரண்டாம் முறையும் கேட்கவில்லை என்றால், "இரைச்சலாக இருக்கிறது, கொஞ்சம் ஓரமாகப் போய்ப் பேசலாம் வாருங்கள்" என்று நகருங்கள். மூன்றாம் முறை அதே இடத்தில் நின்று கேட்பதில் பயனில்லை. கேட்காத பேச்சுக்குச் சிரிக்கவே சிரிக்காதீர்கள், தலையையும் ஆட்டாதீர்கள். "நீங்கள் வருவீர்கள் அல்லவா?" என்ற கேள்விக்குத் தலையாட்டிவிட்டு, எந்த நாள், எந்த இடம் என்றே தெரியாமல் விழிப்பவர்கள் ஏராளம்.

உங்கள் விஷயத்தில் மரணச் செய்திக்குச் சிரித்தாயிற்று. இது வேடிக்கையாக ஆறிப்போகிற புண் அல்ல. இன்றே அவரைத் தொலைபேசியில் அழையுங்கள், குறுஞ்செய்தி போதாது. "அன்றைக்கு இரைச்சலில் நீங்கள் சொன்னது கேட்காமல் சிரித்துவிட்டேன், விஷயம் தெரிந்ததிலிருந்து மனம் கேட்கவில்லை" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் குற்ற உணர்வை அவர் உட்கார்ந்து ஆற்றும்படி வைத்துவிடாதீர்கள். உடனே அவருடைய பெரியப்பாவைப் பற்றிக் கேளுங்கள், அவர் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருங்கள்.

யாருக்கோ அசைத்த கைக்கு நீங்கள் கையசைத்தது ஒரு பெரிய விஷயமே இல்லை. தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்குக் கூச்சம் தரும் படம் போட்ட டி-ஷர்ட்டை அணிவித்து, பலர் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிதான். உயர்த்திய கையைத் தலையைக் கோதுவதுபோல் மாற்ற வேண்டாம், அதுதான் கண்ணில் படும். புன்னகைத்துவிட்டுக் கையை இறக்குங்கள். முகம் சிவந்தால் சிவக்கட்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் கண்டது என்ன தெரியுமா? சங்கடப்படுவதை வெளிக்காட்டுகிறவர்களை மற்றவர்கள் கூடுதலாக நம்புகிறார்கள்.

கடைசியாக, விடைபெறுதல். பேச்சு முடியவே மாட்டேன் என்கிறதே என்று நீங்கள் தவிக்கும்போது எதிராளியும் தவித்துக்கொண்டிருக்கலாம். ஆடம் மாஸ்ட்ரோயானியும் சகாக்களும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இருவரும் விரும்பிய நேரத்தில் முடிந்த உரையாடல் அரிதிலும் அரிது. சிலருக்குப் பேச்சு நீண்டுவிட்டது, சிலருக்குப் போதவில்லை. ஆனால் தன் விருப்பத்தைப் பெரும்பாலும் யாரும் வெளிக்காட்டுவதில்லை. ஆகவே சொல்லுங்கள். "சரி" என்று தொடங்கி, பேசியதில் ஒன்றைத் தொட்டு, "அந்த வேலை நல்லபடியாக முடியட்டும், நான் கிளம்புகிறேன்" என்று முடித்துவிடுங்கள். "சரி" என்ற பிறகு கேள்வி எதுவும் கேட்கக்கூடாது. "அப்புறம் அம்மா எப்படி இருக்கிறார்கள்?" என்றீர்களானால் இன்னும் கால் மணி நேரம் அங்கேதான்.

கிளம்புவதற்கு முன், "நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டால் உங்கள் தெருமுனைச் சிக்கல் பிறக்கவே பிறக்காது. ஒரே பக்கம் என்றால் விடைபெறுதலைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம். கேட்க மறந்து ஒன்றாக நடக்க நேர்ந்தால், "நாம் கொஞ்சம் அவசரப்பட்டு விடைபெற்றுவிட்டோம் போலிருக்கிறது" என்று சொல்லுங்கள், இருவருக்கும் சிரிப்பு வரும். வராத அழைப்பு வந்ததாகக் கைபேசியைக் காதில் வைத்துக்கொள்ளாதீர்கள், அந்த நேரம் பார்த்து அது உண்மையாகவே ஒலிக்கும். அவிழாத ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தால் அவரும் நின்று காத்திருப்பார். மனமில்லையென்றால் பேசவும் வேண்டாம், பக்கத்தில் நடந்தால் போதும். வழி பிரியும் இடத்தில் ஒரு தலையசைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஏற்கெனவே சொல்லியாயிற்று, அங்கே மறுபடி கைகுலுக்கி வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லும்படி கேட்க வேண்டியதில்லை.