எந்த மாதம் யாருக்குச் சோறு போடும்?

அன்புள்ள ஐயா,

இசைக்கலைஞர்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிப்பவன் நான். என் மகனுக்கு 19 வயது. பெரம்பூரில் எங்கள் சர்ச் குவயரில் வயலின் வாசிக்கிறான். பி.காம். இரண்டாம் வருஷம். படிப்பை நிறுத்திவிட்டு இனி இசைதான் என்கிறான். எனக்குத் தூக்கமே போய்விட்டது. எல்லோரும் ரஹ்மான் ஆகிவிட முடியுமா? சபாவில் பாடுகிறவர், சினிமாவுக்கு வாசிக்கிறவர், கானா பாடுகிறவர் எல்லாம் எப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்கள்? மறைக்காமல் எழுதுங்கள்.

ஒரு தகப்பன், பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

பிள்ளை மேல் கோபப்படாமல் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அதனால் நேராகவே சொல்கிறேன்.

இந்த ஊரில் இசையை நம்பிப் பிழைப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. எந்த மாதம் என்பதுதான் கணக்கு. மார்கழி வந்தால் மயிலாப்பூர், தி.நகர் சபாக்களில் பாடுகிறவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அதே மார்கழியில் கல்யாணம் இல்லை. நாதஸ்வரக்காரர் வீட்டில் தவிலோடு சேர்த்து எல்லாம் உறைக்குள் கிடக்கும். தை பிறந்து முகூர்த்தம் தொடங்கினால்தான் அட்வான்ஸ் கைக்கு வரும். ஆடியில் மறுபடியும் அவருக்குத் தட்டுப்பாடு. ஆனால் ஆடியில்தான் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். மெல்லிசைக் குழுக்களுக்கும் கானா பாடுகிறவர்களுக்கும் தெருவுக்குத் தெரு மேடை. உங்கள் மகனுக்கு டிசம்பர் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

கானாவுக்கு சாவு வீடும் உண்டு, அதற்கு சீசன் கிடையாது. இறந்தவரின் பெயரைப் பாட்டில் வைத்து விடிய விடிய பாடுவார்கள். அந்தக் குரல்களை சபாக்கள் இத்தனை காலம் உள்ளே கூப்பிடாதது எனக்கு ஆறாத வருத்தம். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கானாக்காரர்களும் ராப், ராக் பிள்ளைகளும் சேர்ந்து 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்று மேடை ஏறியபோது அது கொஞ்சம் தணிந்தது.

சபாக்களில் சாயங்காலம் பெரிய வித்வான்களுக்கு. புதிதாக வருகிறவர்களுக்கு மத்தியானக் கச்சேரி. எதிரே சொந்தக்காரர்கள் பத்துப் பேர். பட்டுப்புடவை, ஆட்டோ, பக்கவாத்தியக்காரர்களுக்குக் கொடுப்பது எல்லாம் பல நேரம் கைக்காசு. யுனெஸ்கோ 2017இல் இசைக்கான படைப்பு நகரம் என்று சென்னையைச் சேர்த்துக்கொண்டது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பிள்ளை செலவு செய்து பாட வேண்டியிருப்பது தப்பு என்றே நினைக்கிறேன்.

சினிமா என்றால் எனக்கு ஒருவர்தான் நினைவுக்கு வருகிறார். சாலிகிராமத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டு மாடியில் ஒரு வயலின்காரர் இருந்தார். இடது தாடைக்குக் கீழே, வயலின் அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன கறுப்புத் தழும்பு. அப்போதெல்லாம் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசிக்கும். ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து. காலையில் ஒரு கால்ஷீட், சாப்பிட்டுவிட்டு இன்னொன்று. எண்பதுகளில் பிள்ளைகள் விழித்திருக்கும்போது வீட்டுக்கு வந்ததே இல்லை என்பார். பிறகு தனித்தனி டிராக்காகப் பதிய முடிந்தது. நாற்பது வயலின் வேண்டிய இடத்துக்கு ஒரு கீபோர்டு போதும் என்றானது. இப்போது பெரிய ஸ்ட்ரிங்ஸ், அதாவது வயலின் கூட்டம், வேண்டுமென்றால் இசைக்குறிப்பு எழுதிய நோட்ஸ் புடாபெஸ்ட்டுக்கும் வடக்கு மாசிடோனியாவுக்கும் போகிறது, அங்கே வாசித்துப் பதிகிறார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள் அவர் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, டயல் டோன் வருகிறதா என்று பார்த்துவிட்டு வைத்தார். அன்று ஒரே மத்தியானத்தில் மூன்று தடவை.

அவர் வாசித்த பாட்டுகள் இன்றும் எஃப்.எம்.மில் ஓடுகின்றன. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் பங்கு உறுதியானது. அவருக்கோ அன்றன்றைய கால்ஷீட் பணத்தோடு சரி.

ஆனால் மனிதர் மூழ்கிவிடவில்லை. நோட்ஸைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பார். அதை வைத்துப் பிள்ளைகளை லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்தும் மேற்கத்திய இசை கிரேடு பரீட்சைக்குத் தயார் செய்தார், கல்யாண ரிசப்ஷன்களில் வாசித்தார், மகளைக் கட்டிக்கொடுத்தார்.

ரஹ்மானைக் கேட்டிருந்தீர்கள். 1976இல் அப்பா ஆர்.கே. சேகர் இறந்தபோது அவருக்கு ஒன்பது வயது. அப்பாவின் வாத்தியங்களை வாடகைக்கு விட்டு வீடு நடந்தது. 1992இல் 'ரோஜா' வரும்வரை அடுத்தவர் பாட்டுக்கு கீபோர்டு வாசித்தார், விளம்பரங்களுக்கு இசை போட்டார். அதே 1976இல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன் இளையராஜா கிட்டார் வாசித்துக்கொண்டு ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர். இருவருமே தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார்கள். அந்தப் பின்வரிசை வருஷங்களில் உங்கள் மகனால் சந்தோஷமாக உட்கார முடியுமா என்று அவனிடம் கேளுங்கள். ரஹ்மான் ஆவானா என்று கேட்டால் அவனுக்கும் பதில் தெரியாது.

டிகிரியை முடிக்கட்டும், இன்னும் ஒரு வருஷம்தானே. ஆனால் 'அப்புறம் பார்க்கலாம்' என்று சொல்லி அவனை ஏமாற்றாதீர்கள். எந்த மாதத்திலிருந்து அவன் இஷ்டம், எத்தனை வருஷம் நீங்கள் சோறு போடுவீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்குள் நோட்ஸ் படிக்க நன்றாகக் கற்றுக்கொள்ளட்டும்.

அந்த வயலின்காரர் சாலிகிராமத்தில்தான் இருக்கிறார். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாடம் தொடங்குவார். உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். ஒரு சனிக்கிழமை மகனோடு வாருங்கள், நானும் வருகிறேன். அவனை வயலினை எடுத்துவரச் சொல்லுங்கள்.