கருவிலேயே தொற்றும் சைட்டோமெகலோ வைரஸ்: தடுப்பூசி ஏன் தாமதமாகிறது?

கேள்வி: என் தங்கையின் குழந்தைக்கு ஒரு காது கேட்கவில்லை. கருவில் இருந்தபோதே சைட்டோமெகலோ வைரஸ் தொற்றியதுதான் காரணம் என்கிறார் மருத்துவர். ரூபெல்லாவுக்கு இருப்பதைப் போல இதற்குத் தடுப்பூசி ஏன் இல்லை? செலவை எண்ணித் தயங்குகிறார்களா?

பதில்: செலவுக் கணக்கு தடுப்பூசிக்குச் சாதகமாகவே இருக்கிறது. அமெரிக்காவின் மருத்துவ ஆலோசனை அமைப்பான இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, 12 வயதில் போடத்தக்க சைட்டோமெகலோ தடுப்பூசியை, அதற்காகும் செலவைவிட மிச்சமாகும் பணமே அதிகம் என்ற முதல் வரிசையில் வைத்தது. பாதிக்கப்பட்ட குழந்தைக்கான செலவு பிரசவ வார்டோடு முடிவதில்லை. செவித்துணைக் கருவி அல்லது காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சையால் உள்காதில் பொருத்தும் கருவி), பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி, சிலருக்கு வலிப்பு மருந்து என அது ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. குழந்தையைக் கவனிக்க வேலையை விடும் தாயின் வருமான இழப்போ, மருத்துவச் செலவை மட்டும் பார்க்கும் கணக்குகளில் ஏறுவதே இல்லை. இது எனக்குப் பெரிய ஆதங்கம்.

உண்மையான தடை வைரஸின் இயல்புதான். ரூபெல்லா ஒருமுறை வந்துபோனால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் பாதுகாப்புக் கிடைக்கிறது. சைட்டோமெகலோ வைரஸோ உடலிலேயே தங்கிப் பின்னர் மீண்டும் தலைதூக்கும். இதன் வேறொரு வகை புதிதாகவும் தொற்றலாம். கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு கருவுக்கும், முன்பே தொற்றியவர்களிடம் சுமார் 1 சதவீதக் கருவுக்கும் அது பரவுகிறது. ஆயினும், பெரும்பாலான பெண்களுக்குச் சிறுவயதிலேயே தொற்று வந்துவிடும் சமூகங்களில், பாதிக்கப்படும் குழந்தைகளில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் பிரிவுத் தாய்மார்களுக்கே பிறக்கிறார்கள். ஆகவே இயற்கையான எதிர்ப்பாற்றலையும் விஞ்சும் தடுப்பூசி வேண்டும். 2009-இல் வெளியான ஆய்வொன்றில், வைரஸின் மேலுறைப் புரதத்தாலான தடுப்பூசி, முன்பு தொற்றாத பெண்களிடம் தொற்றைப் பாதியளவு குறைத்தது. பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட மாடர்னாவின் எம்ஆர்என்ஏ தடுப்பூசியோ, இறுதிக்கட்டச் சோதனையில் 6 முதல் 23 சதவீதப் பாதுகாப்பையே தந்ததாக 2025 அக்டோபரில் தெரியவந்தது. வருத்தமான முடிவுதான், ஆனால் முயற்சியைக் கைவிட அது காரணமாகிவிடாது.

கேள்வி: இரண்டாவது முறையாகக் கருவுற்றிருக்கிறேன். மூத்தவனுக்கு இரண்டு வயது. தடுப்பூசி வரும்வரை நான் என்ன செய்வது?

பதில்: சிறு பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் இந்த வைரஸ் மாதக்கணக்கில் வெளிப்படக்கூடும். மகன் கடித்து மிச்சம் வைத்ததை நீங்கள் சாப்பிடாதீர்கள்; அவன் கரண்டியையும் தம்ளரையும் பகிராதீர்கள்; கீழே விழுந்த ரப்பர் சூப்பானை உங்கள் வாயில் வைத்துச் சுத்தம் செய்யாதீர்கள். உதட்டில் முத்தமிடாமல் நெற்றியில் முத்தமிடுங்கள். டயப்பர் மாற்றியதும், மூக்கைத் துடைத்துவிட்டதும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். அவனைத் தூக்கவோ அணைக்கவோ தயங்க வேண்டியதே இல்லை.

பிறக்கும் குழந்தை செவித்திறன் சோதனையில் தேறாவிட்டால், 3 வாரத்துக்குள் அதன் எச்சிலையோ சிறுநீரையோ இந்த வைரஸுக்காகப் பரிசோதிக்கும்படி நீங்களே கேளுங்கள். அதற்குப் பின் வைரஸ் தென்பட்டால், அது கருவில் வந்ததா, பிறந்தபின் தொற்றியதா என்று பிரித்தறிவது கடினம். தேவைப்படும் குழந்தைக்கு வால்கான்சிக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை முதல் மாதத்திலேயே தொடங்குவதே வழக்கம்.