மண்டையைத் திறக்காமல் மூக்கு வழியாகக் கட்டியை எப்படி எடுக்கிறார்கள்?

அம்மாவுக்குப் பிட்யூட்டரியில் (மூளையின் அடியில் இருக்கும் ஹார்மோன் சுரப்பி) கட்டி, சிங்கப்பூரில் மூக்கு வழியாகவே எடுக்கலாம் என்கிறார்கள், சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் இயல்புதான். ஆனால் இந்தக் கட்டிக்கு இன்று வழக்கமான முறையே இதுதான்.

மூக்கின் பின்கோடியில் ஸ்பீனாய்டு என்ற காற்றறை இருக்கிறது. அதன் பின்சுவரைத் தாண்டினால் பிட்யூட்டரி. சுமார் 4 மி.மீ. தடிமனுள்ள, கேமரா பொருத்திய எண்டோஸ்கோப் குழாயை மூக்குத் துளையில் விட்டு, அந்த மெல்லிய எலும்பைத் திறந்து, கட்டியைத் துண்டு துண்டாக எடுப்பார்கள். பெரும்பாலும் காது மூக்கு தொண்டை நிபுணரும் மூளை அறுவை நிபுணரும் சேர்ந்து செய்வார்கள். மூளையை விலக்க வேண்டியதில்லை; எனக்கு இதுதான் பெரிய ஆதாயமாகப் படுகிறது. கட்டிக்கு மேலே பார்வை நரம்பு, இரு பக்கமும் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள். பக்கவாட்டில் பரவியிருந்தால் முழுவதும் எடுக்க முடியாமல் போகலாம். ஸ்கேனை வைத்துக்கொண்டு இதை மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

அப்புறம், வீடு திரும்பியபின் சில வாரம் அம்மா மூக்கைச் சீந்தக் கூடாது, பளு தூக்கக் கூடாது. தைப்பூசம் அந்தச் சமயத்தில் வந்தால் பால்குடம் வேண்டாம். மூக்கிலிருந்து தண்ணீராக, உப்புக் கரிப்போடு சொட்டினால் சளி என்று விட்டுவிடாதீர்கள். மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிவதாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.